மருந்தாளுநரின் வில்

வில்லின் முதுகில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தென்பட்டதும், மருந்தாளுநர் பதறாமல் முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்தார். விரிசலில் பசையை நிரப்பினார். அதன் மேல் வெள்ளைப் பேண்டேஜ் துணியை, சுளுக்கிய முழங்கைக்குக் கட்டுவதைப் போல மேலும் கீழுமாகச் சுற்றி, முனையில் பிளாஸ்திரி ஒட்டினார்.

"வில்லுக்கு அடிபட்டிருச்சாங்க?" என்று கேட்டாள் அவருடைய மனைவி. அவள் தையற்காரி. நடைவழியில் போட்டிருந்த தையல் மிஷினின் முன் அமர்ந்து, யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னக் கீறல்தான். ராத்திரி முழுக்க அசையாம இருந்தா சரியாயிடும்."

"ஊசி ஏதாவது போடணுமா?"

அவர் வில்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அவளைக் கடந்து போகையில், வழக்கம்போல மிஷினின் விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

காலையில் நாணேற்றி மெல்ல இழுத்தார். பட்டாசு வெடித்ததைப் போல ஒரு சத்தம். பாதி வில் கையிலேயே இருந்தது. மீதிப் பாதி சமையலறைக்குள் பறந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் போய் விழுந்தது.

"அம்பை விடச் சொன்னா வில்லையே விட்டுட்டீங்களே, அத்தான்" என்றான், அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்த மச்சான்.

மனைவியின் தம்பியாகிய அவனுக்கு இந்த விஷயத்தில் ஒரு பந்தயம் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை வில்வித்தை மைதானத்தில் புதியவர்களுக்கான போட்டி. தாமே செய்த மர வில்லால் அத்தான் எய்து, ஓர் அம்பாவது இலக்கில் பட்டுவிட்டால், அவன் இனிமேல் அவரைக் கேலி செய்யக் கூடாது. படாவிட்டால் அவருடைய கருவிப் பெட்டி அவனுக்கு. முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டி அது. உள்ளே இருந்த ஒவ்வொரு உளிக்கும் அவர் எண்ணெய் பூசி, துணி சுற்றி, கைக்குழந்தையைப் போலப் படுக்க வைத்திருந்தார்.

ஆனால், அந்தப் பெட்டியால் இதுவரை அந்த வீட்டில் எதுவும் முழுமை பெற்றதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாற்காலி ஒன்று மூன்று கால்களோடு நின்று, நான்காவதாக ஒரு செங்கல்லை ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னறையில் ஓர் அலமாரி, கதவில்லாமல் பாதி அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முகத்தில் விழிக்கக் கூசி, அவர் அந்த அறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அடித்தளம் இல்லாத பறவைக் கூண்டு விளக்குக்கு மூடியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஒரு மாலை மனைவி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதைப் பாருங்க. ஒரே ஒரு பலகையில வில் செய்யறாங்க. கதவு வேண்டாம், கீல் வேண்டாம். உங்களுக்கு நல்லா வரும்" என்றாள். திருமணமான நாள் முதலாக அவருடைய தச்சுவேலையை அவள் புகழ்ந்தது அதுவே முதல் முறை. அன்றே அவர், அவளே எங்கிருந்தோ கொண்டுவந்த பலகையோடு, வில்லாளியாகிவிட்டார்.

"அப்ப பெட்டி எனக்குத்தானா?" என்று கேட்டான் மச்சான்.

"இன்னும் ஞாயித்துக்கிழமை வரல. மரக்கடைக்குப் போய் வேற பலகை வாங்கிட்டு வரேன்."

"எதுக்கு வாங்கணும்?" என்றாள் மனைவி. "முதல் பலகை கிடைச்ச இடத்துலயே இன்னொண்ணு இருக்கு."

மாலையில் அவர் கடையிலிருந்து வந்தபோது பலகை கூடத்தில் தயாராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் உயரம். கெட்டியான மரம். முனைகளில் மட்டும் சில துளைகள் இருந்தன.

"அருமையான மரம். இதைத் தேர்ந்தெடுத்தவன் விஷயம் தெரிஞ்சவன்" என்றார், விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே. "ஆனா துளை போட்டவன் சரியான கத்துக்குட்டி. பாரு, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. கோணல் மாணலா."

"ஆமாங்க. பாவம், யாரோ" என்றாள் மனைவி.

மச்சான் இருமினான். அவன் சட்டைப் பையில் ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தது. அக்காவின் மிஷினில் ஏதோ லூஸாம்.

முதல் வில் உடைந்ததற்குத் தம்முடைய அவசரமே காரணம் என்று மருந்தாளுநர் கருதினார். வில்லின் இரு கைகளும் ஒரே மாதிரி வளைய வேண்டும். இடது கை விறைப்பாக இருந்தால் அதைச் சுரண்ட வேண்டும். வலது விறைப்பாக இருந்தால் வலதை. இதற்கு அளவு வேண்டாமா? நாள் முழுவதும் அளவோடு வாழ்பவர் அவர். கடையிலிருந்து சிறு தராசைக் கொண்டுவந்து, இடப்பக்கச் சீவலை நிறுத்து, அதே எடைக்கு வலப்பக்கமும் சுரண்டினார். ஒவ்வொரு தடவைச் சீவலையும் தாளில் மடித்து, 'இ' என்றும் 'வ' என்றும் எழுதி வரிசையாக வைத்தார்.

மனைவி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள். "இது சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"சிரிக்காத. எடை சமமா இருந்தா வளைவும் சமமா இருக்கும்."

மரத்துக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் இளகியும் வளர்ந்த மரம் அது. எடை சமமாயிற்று, வளைவு ஆகவில்லை. இடது அதிகமாக வளைந்தது. வலதைச் சுரண்டினார். வலது இளகிவிட்டது. நியாயம் வழுவக் கூடாதென்று இடதையும் சுரண்டினார். பொட்டலங்கள் மேசையை நிறைத்தபோது, வில் சுண்டுவிரலால் இழுத்தாலே வளைந்து கொடுத்தது.

மச்சான் அதில் ஓர் அம்பை வைத்து விட்டுப் பார்த்தான். அம்பு அவனுடைய செருப்பின் மேலேயே படுத்துக்கொண்டது.

"ரொம்ப மரியாதையான வில், அத்தான். யாரையும் காயப்படுத்தாது."

அடுத்த பலகையும் வந்தது. துளைகளும் அதே கோணலோடு வந்தன. இம்முறை மருந்தாளுநர் சுரண்டவே அஞ்சினார். வில் உலக்கையைப் போல இருந்தது. அதைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, நாணில் கயிறு கட்டி, முழு உடலையும் கொடுத்து இழுத்தார். வில் வளையவில்லை. கொக்கிதான் சுவரின் காரையையும் கூட்டிக்கொண்டு அவர் மடியில் வந்து அமர்ந்தது. வந்த கோபத்தில் இழைப்புளியை எடுத்து ஒரே இடத்தில் நாலு இழுப்பு இழுத்துவிட்டார். அடுத்து வளைத்தபோது, சரியாக அதே இடத்தில் வில் மடங்கி உடைந்தது.

அன்று சனிக்கிழமை. உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு அவர் கருவிப் பெட்டியைத் தூக்கி வந்து மனைவியின் முன்னால் வைத்தார்.

"உன் தம்பிகிட்டக் கொடுத்திடு. எனக்கு எதுவும் முழுசா வராது. எனக்கே தெரியும்."

அவள் மிஷினை நிறுத்தினாள். கேலியாக ஏதோ சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இதுதான் கடைசி."

"எங்கிருந்துதான் எடுக்கிற?"

"உங்களுக்குப் பலகை வேணுமா, விலாசம் வேணுமா?"

இந்தத் தடவை தராசு மேசைக்கு வரவில்லை. பலகையின் வரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதை அவர் வெகுநேரம் பார்த்தார். அந்த வரிகளை வெட்டாமல், அவற்றின் போக்கிலேயே செதுக்கினார். கொஞ்சம் சுரண்டுவார், கொஞ்சம் வளைப்பார். மனைவி தைப்பதை விட்டு எழுந்து வந்து, சற்றுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இடது தோள் ஏறியிருக்கு."

"வில்லுக்கு ஏது தோள்?"

"சட்டையா இருந்தா நான் பிரிச்சுத் தைப்பேன். அந்த இடத்துல லேசா எடுங்க. அங்க இல்ல, இன்னும் கீழ. ம், போதும்."

"இப்ப?"

"இப்ப ரெண்டு தோளும் ஒண்ணா இறங்குது."

அவர் மறுபடியும் வளைத்தார். வில் முனகவில்லை. இரு கைகளும் ஒரே சீராக இறங்கி, ஒரே சீராக மீண்டன. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அதை மறைப்பதற்காக, மரத்தூள் மூக்கில் ஏறிவிட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவருடைய முதல் அம்பு தரையில் குத்தி நின்றது. இரண்டாவது, பக்கத்து ஆளின் இலக்கை நலம் விசாரித்துவிட்டு அப்பால் போயிற்று. மச்சான் கருவிப் பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தான். மூன்றாவது அம்பை விடுமுன் மருந்தாளுநர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். அவர் தம்முடைய தோளைச் சற்றே இறக்கினார். அம்பு போய் இலக்கின் கடைசி வட்டத்தில், விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பட்டுது" என்றாள் மனைவி.

"பட்டுதுதான்" என்று ஒப்புக்கொண்டான் மச்சான். தைக்கிற வேலை இருக்கிறதென்று மனைவி முன்னாலேயே கிளம்பிவிட்டாள். பெட்டியை அவனே வீடு வரை சுமந்து வந்தான்.

வில்லைத் தோளில் சாய்த்தபடி மருந்தாளுநர் நடைவழியைக் கடந்தார். முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. வில்லாளிக்கு நடையிலும் ஒரு நிதானம் வந்துவிடுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டார். பின்னறையிலிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்த மகிழ்ச்சியில் அவர் அதையும் பொருட்படுத்தவில்லை.

"இனிமே எதையும் பாதியில விடறதா இல்ல" என்று மச்சானிடம் அறிவித்தார். "நாளைக்கே அந்தப் பின்னறை அலமாரிக்குக் கதவு போட்டுடறேன். உங்க அக்காவும் எத்தனை காலம்தான் பொறுத்துப்பா?"

மச்சான் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எந்த அலமாரி, அத்தான்? அதோட கடைசிப் பலகையைத்தானே தோள்ல வெச்சிருக்கீங்க?"