கலகலப்பு வாயை மூடிய கதை

குரல் திரும்பி வந்த அன்றைக்கே அதை ஒளித்து வைத்துவிடுவது என்று கலகலப்பு தீர்மானித்தார்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, சும்மா பார்ப்போமே என்று ஓர் 'ஆ' போட்டார். கணீரென்று வந்து சுவரில் மோதியது. சந்தேகத்துக்கு இன்னொரு 'ஆ'. அதுவும் வந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த மனிதர் இந்த இடத்தில் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கலகலப்போ குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று கதவில் காதை வைத்தார்.

காரணம் சொல்ல வேண்டுமானால் கதை கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. அது இப்போது அவருக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும். நாற்பது வருஷம் மேடையில் நின்று ஊரைச் சிரிக்க வைத்ததில் 'கலகலப்பு' என்பதே நிலைத்துவிட்டது. துக்க வீட்டுக்குப் போனால்கூட, அவர் தலையைக் கண்டதும் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவார்கள். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் அவர் "ஆ" என்று வாயைத் திறந்ததற்கே சிரித்து, கை நடுங்கி, பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார் டாக்டர். மனிதர் மன்னிப்புக் கேட்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

ஆனால் அவரைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. மேடை என்றால் கலகலப்புக்குப் பயம். நாற்பது வருஷமும் பயம்தான். எந்த ஊர், எந்த அரங்கமானாலும் மூன்றாவது வரிசையில் ஒரு ஆசாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சுற்றிலும் ஆயிரம் பேர் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான். கலகலப்பின் கண்ணுக்கு அந்த ஆயிரம் பேரும் தெரியமாட்டார்கள், அவன் ஒருவன்தான் தெரிவான். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தாலும் மேலே மின்விசிறிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இப்படியிருக்க, ஒரு நாள் நாடகத்தின் நடுவே தொண்டை கட்டிக்கொண்டது. மனைவி தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் கரண்டியை விட்டு, விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, அவரை வெளியே உட்காரச் சொல்லி மனைவியோடு தனியாகப் பேசினார். திரும்பி வந்தவளின் முகம் தொங்கிப் போயிருந்தது. மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். மூச். டாக்டரும் கதவருகே வந்து, எல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவங்க சொல்றபடி நடந்துக்குங்க என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

முதல் வாரம் நரகம். கை சும்மா இருக்க மறுத்தது. வாய்க்கு வேலை இல்லாதபோது கைதானே பேசும்? அந்தச் சமயம் பார்த்து மனைவி பரணைச் சுத்தம் செய்தாள். கல்யாணமாகிப் போன மகளின் பழைய வண்ணப் பெட்டியும் தூரிகைகளும் கீழே வந்து, அவர் உட்கார்ந்திருந்த மேஜையிலேயே கிடந்தன. அவள் அவற்றை எடுத்து வைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

கலகலப்பு முதலில் வரைந்தது தண்ணீர்க் கூஜாவை. அது கோழி மாதிரி வந்தது. இரண்டாவது தடவை கோழி கொஞ்சம் இளைத்தது. மூன்றாவது தடவை கூஜா கூஜாவாகவே வந்து, அதன் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்தபோது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யாரையும் சிரிக்க வைக்காமல் ஒரு காரியத்தை அவர் செய்து முடித்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பின்பக்கத்து அறையில் ஜன்னலோரம் ஒரு முக்காலி, ஒரு பலகை. செருப்பை வரைந்தார், துடைப்பத்தை வரைந்தார், பாதி வெட்டின பூசணிக்காயை வரைந்தார். பூசணிக்காயின் உள்பக்கத்தில் இத்தனை மஞ்சள் இருப்பது இத்தனை வயசுக்கு மேல்தான் தெரிந்தது. முக்கியமான விஷயம், அந்த அறையில் மூன்றாவது வரிசை கிடையாது. இரவில் மின்விசிறியும் காலியாக இருந்தது. கலகலப்பு குழந்தை மாதிரி தூங்கினார்.

இந்த நிலையில்தான் பாழாய்ப்போன குரல் திரும்பி வந்தது. வந்தால் மேடை. மேடை வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லலாம்தான். எப்படிச் சொல்வது? கோமாளிக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்ற அப்பாவை எதிர்த்துக்கொண்டு வந்தவள். ஓர் ஆட்டம் விடாமல் முன்வரிசையில் உட்காருபவள். 'எங்க வீட்டுக்காரர் பேசினா கல்லும் சிரிக்கும்' என்று ஊரெல்லாம் பெருமை பேசுபவள். அவளிடம் போய், எனக்குக் கல்லும் வேண்டாம் சிரிப்பும் வேண்டாம், பூசணிக்காய் போதும் என்றால் அவள் மனசு என்ன பாடுபடும்? அதற்குப் பேசாமலே இருந்துவிடுவது உத்தமம் என்று முடிவு செய்தார்.

மூன்று மாதம் முடிந்த காலை, மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கே, மெதுவாப் பேசிப் பாருங்க என்றாள். கலகலப்பு வாயைத் திறந்து வெறும் காற்றை வெளியே விட்டார். கழுத்து நரம்பைப் புடைத்துக் காட்டினார். கையை விரித்தார். நாற்பது வருஷ அனுபவம், நடிப்பில் குறையில்லை. அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பரவாயில்லைங்க. வரும்போது வரட்டும், அவசரமே இல்லை" என்று எழுந்து போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அவர் மகிழ்ந்தது அன்று மத்தியானம் வரைக்கும்தான்.

மத்தியானம் அவருடைய சாய்வு நாற்காலியின் முன்னால் நின்றுகொண்டு, இது இடத்தை அடைக்கிறது, எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன் என்றாள். "உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லிடுங்க" என்று தலையைச் சாய்த்து மரியாதையாகக் காத்திருந்தாள். கலகலப்பு பாய்ந்து போய், பேச்சுக்குப் பதிலாக எழுதிக் காட்டும் சிலேட்டை எடுத்து 'வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கண்ணாடியை எங்கே வச்சேன்னு தெரியலைங்க. 'வித்துடலாம்'னா எழுதியிருக்கீங்க? எனக்கும் அதுதான் தோணுச்சு."

நாற்காலி போயிற்று. அடுத்து அவருடைய தொளதொள சட்டைகள் தரை துடைக்கப் போயின. கூடத்துச் சுவர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. ஒவ்வொரு தடவையும் ஆட்சேபணை இருக்கிறதா என்று அவள் கேட்கத் தவறவில்லை, ஒவ்வொரு தடவையும் கண்ணாடி தொலைந்து போகவும் தவறவில்லை. மௌனம் சம்மதம் என்று சொல்லி வைத்த புண்ணியவானைக் கலகலப்பு மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார். மச்சானைத்தான் தாங்க முடியவில்லை. மனைவியின் தம்பி நாலு நாள் தங்கிப் போக வந்தான். அவனுக்கு ஜோக் சொல்வதில் ஆசை அதிகம். அதுவும் அத்தானுடைய ஜோக்குகளையே அத்தானுக்குச் சொல்வான். எடுத்த எடுப்பில் முடிவைச் சொல்லிவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னா அத்தான்" என்று ஆரம்பிப்பான். நடுவில் தானே சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, எங்கே விட்டேன் என்று கேட்பான். எங்கே விட்டான் என்று கலகலப்புக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்த பதிலை எச்சிலோடு விழுங்குவார். தொழில் தெரிந்தவனுக்குத் தன் சரக்கு கண்ணெதிரே கொலையாவதைப் பார்ப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அந்த நேரம் பார்த்து மனைவி எதிரே உட்கார்ந்து அவருடைய குரல்வளை ஏறி இறங்குவதையே கவனித்துக்கொண்டிருப்பாள்.

நாலு நாள் நாற்பது நாளாகும் போலிருந்தது. அப்போதுதான் மத்தளம் வந்தான். மேடையில் கலகலப்பிடம் அடி வாங்கியே பேர் வாங்கியவன், கூட்டாளி. குழுவில் எல்லோரும் அண்ணன் குரலை நினைத்துக் கவலைப்படுகிறார்கள் என்று ஆரம்பித்தான். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"அதான் அண்ணே, ஒரு யோசனை. வசனமே இல்லாத நாடகம். ரெண்டு மணி நேரம். நீங்க வாயே திறக்க வேண்டாம், மேடையில சும்மா நடந்தாலே ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

கலகலப்புக்குக் காது அடைத்தது.

"நல்ல யோசனை தம்பி" என்றாள் மனைவி. "வாய் போனா என்ன, மூஞ்சி இருக்கே. வாரத்துக்கு மூணு ஆட்டம் போடலாம். ஒத்திகையைப் பின்னால அந்த ரூம்லயே வச்சுக்குங்க. பலகை, படம் எல்லாத்தையும் இன்னைக்கே பரண்ல ஏத்திடறேன்." அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லிடுங்க."

கலகலப்பின் கை சிலேட்டைத் தேடியது. அவள் தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கூட்டில் போட்டு மூடினாள்.

அவர் மத்தளத்தைப் பார்த்தார். மத்தளம் தரையைப் பார்த்தான். பின்பக்கத்து அறை, ஜன்னல் வெளிச்சம், காலியான மின்விசிறி எல்லாம் கண்முன்னே பரணுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

"முடியாது" என்றார் கலகலப்பு.

மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அது. உள்ளே மச்சான் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது. ஆனால் எதிரே இருந்த இருவரும் அசையவில்லை. மத்தளம் மட்டும் பெருமூச்சு விட்டு, "நீங்க சொன்ன மாதிரியேதான் ஆச்சு அண்ணி" என்றான்.

வாயைத் திறந்தாயிற்று, இனி என்ன மூடுவது? கலகலப்பு எல்லாவற்றையும் கொட்டினார். பயத்தை, மூன்றாவது வரிசை ஆசாமியை. "எனக்கு மேடை வேண்டாம். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து எதையாவது வரைஞ்சுக்கிட்டிருக்கேன். உனக்குத் தலைகுனிவா இருக்கும்னு தெரியும். மன்னிச்சுடு."

"எனக்கு என்ன தலைகுனிவு?" என்றாள் அவள். "நான் முன்வரிசையில வந்து உட்கார்ந்தது உங்க ஜோக்கைக் கேக்கவா? வீட்லயே கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. உங்க கால் நடுங்கறதைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன். எங்கே விழுந்துடப் போறீங்களோன்னு."

கலகலப்புக்குப் பேச்சு வரவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே வரவில்லை. இத்தனை வருஷமாக ஒருத்தி அவருடைய காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்கு அழுகையாகவும் வந்தது, பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. மத்தளத்துக்கும் அதே கதைதான். அடி வாங்கி வாங்கி முதுகு போய்விட்டது, அண்ணன் விட்டால் தானும் விட்டுவிடலாம் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்ததாகச் சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பிப் போனான்.

"குரல் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கலகலப்பு, மெல்ல.

"பூசணிக்காயை வரையும்போது 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா'ன்னு அதுகிட்டச் சொன்னீங்க. அது திரும்பலைன்னதும் கோவிச்சுக்கிட்டீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன், அதுகிட்டப் பேசியே மாட்டிக்கிட்டவர் நீங்க ஒருத்தர்தான்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நான் கேட்டா, பொண்டாட்டி சொல்லித்தான் மேடையை விட்டேன்னு அதையும் ஒரு ஜோக்கா ஊரெல்லாம் சொல்லுவீங்க. நீங்களாச் சொல்லணும்னுதான் நாற்காலியை எடுத்தேன், சுவத்துக்கு நிறம் அடிச்சேன். என் தம்பியை வரவழைச்சேன், கடைசியா மத்தளத்தைக்கூட. அழுத்தக்காரர்தான் நீங்க."

அதைக் கேட்டதும் கலகலப்பின் மூளையில் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது.

"நான் பூசணிக்காய் வரைஞ்சது ரெண்டாவது மாசம். அப்பவே பேசினேனா? டாக்டர் மூணு மாசம்னு சொன்னாரே."

"டாக்டர் மூணு நாள்னுதான் சொன்னார்" என்றாள் அவள், கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு. "மாசம் நான் சொன்னது."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் மேடையில நடுங்கறதைப் பார்த்து மனசு கேக்காமத்தானே?"

"பாதி அதுக்காக" என்றாள். "மீதி, எனக்கும் காதுன்னு ரெண்டு இருக்குங்க."

இதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று கலகலப்புக்குத் தோன்றியது. ஆனால் கோபமே வரவில்லை. மேடை போயிற்று, பயம் போயிற்று, பொய்யும் போயிற்று. உடம்பு பஞ்சாகிவிட்டது. அந்த உற்சாகத்தில் பேச ஆரம்பித்தார். மூன்று மாதத்துச் சரக்கு முழுவதும் தேங்கிக் கிடந்தது. மஞ்சளில் எத்தனை வகை என்று பேசினார். துடைப்பத்துக்கு நிழல் போடுவது எப்படி என்று பேசினார். மச்சானுக்கு அவன் கொலை செய்த ஜோக்குகளை ஒவ்வொன்றாக, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று திரும்பச் சொல்லிக் காட்டினார். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாயங்கால வண்டியிலேயே கிளம்பிவிட்டான். சாப்பிடும்போது பேசினார், கை கழுவும்போது பேசினார், படுத்துக் கண்ணை மூடும்வரை பேசினார்.

காலையில் எழுந்து பலகையின் முன்னால் உட்கார்ந்தபோது தொண்டை லேசாகக் கரகரத்தது. இரண்டு தடவை கனைத்துப் பார்த்தார். போகவில்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, எதற்கும் அந்த டாக்டரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமா என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கையில் தூரிகையை எடுத்துக் கொடுத்தாள்.

"அவரை எதுக்குங்க தொந்தரவு பண்ணிக்கிட்டு? அவர் சொல்ல வேண்டியதை நானே சொல்லிடறேன்."