லிஃப்ட் வேண்டாம் என்றவள்

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே கிடையாது. ஹோட்டலில் சாப்பிட்டே பார்க்காத ஐட்டத்தைப் பற்றிக்கூட, ‘அது கொஞ்சம் காரமா இருக்கும்’ என்று அடித்துவிடுவேன். இதுவரை கையும் களவுமாக மாட்டியது ஒரே ஒரு தடவைதான். அண்ணனுக்குக் கார் வாங்கப் போன தடவை.

அரியலூரில் எங்களுக்கு லாரித் தொழில். சிமெண்ட் ஏற்றுகிற பன்னிரண்டு சக்கர வண்டிகள். அப்பா போன பிறகு ஆபீஸில் உட்கார்ந்து டயர், பெர்மிட், டிரைவர்களுக்குள் வருகிற சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவள் நான். அண்ணன் இளங்கோ வளைகுடாவில் இன்ஜினியர். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு ஒரே ஒரு ஆசை. ரெண்டு கதவு வைத்த, தரையோடு தரையாகப் போகிற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். அதன் படத்தைக் கணக்கு நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தான். வருஷம் மாறி நோட்டு மாறும்போதெல்லாம் படத்தை நோகாமல் பிய்த்து அடுத்த நோட்டில் ஒட்டுவான். (கணக்கில் அவன் வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

இத்தனை வருஷம் கழித்துப் போன லீவில்தான் துணிந்தான். புதுசு நடக்கிற காரியமில்லை, பழசுதான். ஆனால் பழைய கார் வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. புதுக் கார் என்றால் வேண்டிய வசதிகளை நாமே டிக் அடித்துக் கொள்ளலாம். பழசிலோ, முன்பின் தெரியாத ஏதோ ஒரு பணக்காரர் என்றைக்கோ டிக் அடித்ததைத்தான் நாம் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அதனால் ஆப்ஷன் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டான். வண்டி விஷயத்தில் பாப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவனுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டவள் நான்தான்.

அம்மா தன் பங்குக்கு நாள் குறித்துவிட்டாள். அண்ணன் திரும்பவும் ஃப்ளைட் ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு நல்ல நாள்தான் இருந்தது. அன்றைக்குப் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள் வண்டி வாசலுக்கு வந்து, பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மா ஏறி உட்கார வேண்டும். அப்புறம்தான் திருமழபாடி கோவில். பூசை போடாத வரைக்கும் எந்த வண்டியும் வெறும் இரும்பு என்பது அம்மாவின் சட்டம்.

சென்னையில் பழைய சொகுசுக் கார்கள் விற்கிற கடையில் எங்களுக்காக இரண்டு வண்டிகள் நின்றன. ஒரே மாடல், ஒரே வருஷம், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. விற்பனையாளர் தம்பி இரண்டுக்கும் ஆப்ஷன் பட்டியலை நீட்டினார். ஒரு மாசமாக வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். இருபது இன்ச் வீல், ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட், இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிய சஸ்பென்ஷன், சிவப்பு லெதர், மஞ்சள் நிறத்திலேயே சீட் பெல்ட். மஞ்சள் வண்டியில் எல்லாம் இருந்தது. தம்பி ஸ்டார்ட் செய்து காட்டினார். நெஞ்சுக்குள் யாரோ உறுமி அடித்தது போல இருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளையில் சத்தம் கம்மி. சீட்டைச் சூடாக்கும் ஸ்விட்ச் இருந்தது. (அரியலூர் வெயிலில் சீட்டைச் சூடாக்க ஸ்விட்ச் எதற்கு? கண்ணாடியை மூடி அரை மணி நேரம் வெளியே நிறுத்தினால் போதாதா?) அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘ஃப்ரண்ட் ஆக்சில் லிஃப்ட்’.

தம்பி அந்த வரியில் விரலை வைத்தார். “மேடம், நம்ம ரோட்டுக்கு ரொம்ப முக்கியமான ஆப்ஷன் இதுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்காரிக்கே லிஃப்ட் ஆக்சில் பாடம் எடுக்கிறாரே. லாரியில் லோடு இல்லாதபோது டயர் தேயாமல் இருக்க ஒரு ஆக்சிலை மட்டும், அதாவது ஒரு ஜோடி சக்கரத்தை, தரையில் படாமல் தூக்கி வைப்பார்கள். அதுதான் லிஃப்ட் ஆக்சில். அரியலூரில் சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும்.

“தம்பி, எங்க வூட்ல ஓடுற எல்லா வண்டியிலயும் லிஃப்ட் ஆக்சில் இருக்கு. லோடு இல்லன்னா தூக்குவோம், ஏத்துனா எறக்குவோம். ரெண்டு பேரு குந்துற வண்டியில என்னத்த லோடு ஏத்தப் போறீங்க? அதுவும் முன்னாடி ஆக்சில. முன் சக்கரத்தத் தூக்கிட்டா அப்புறம் ஸ்டியரிங் எதுக்கு?”

தம்பி வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டினேன். மூடிக்கொண்டார். அண்ணன் அவரிடம் பெருமையாக, எங்க பாப்பாவுக்குத் தெரியாத ஆக்சிலே கிடையாது என்றான். மஞ்சள் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டோம்.

குறித்த நாளன்று விடிவதற்கு முன்பே மஞ்சள் வண்டியில் சென்னையிலிருந்து கிளம்பினோம். நாற்கரச் சாலையில் அது ஓடவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. பிறந்ததிலிருந்து லாரிகளோடு வளர்ந்த நான் அன்றுதான் ஒரு லாரியின் வீல் நட்டைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தேன். பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பெரம்பலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது போட்டோ எடுக்க வரிசையே நின்றது. நான் எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு போட்டோவிலும் நின்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அரியலூர் ரோட்டில் திரும்பினோம். முதல் வேகத்தடை வந்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. இட்லிப் பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அடுத்ததற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் இறங்கி எடையைக் குறைப்பது, ரோட்டில் மண்டியிட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பது, லாரி கிளீனர் மாதிரி, “வா, வா, ஒடிச்சு வா, போதும்” என்று கத்துவது. வண்டி குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். பிறகு நான் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். அந்த ரோட்டில் ஊருக்கு ஒன்றிரண்டு வேகத்தடை. பின்னால் வந்த டவுன் பஸ் எங்களைத் தாண்ட முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, இப்படி இறங்கி இறங்கி ஏறுவதற்கு எங்கள் பஸ்ஸிலேயே வந்திருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கள் தெருவுக்குள் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இன்னும் நூறடி தூரத்தில் வீடு. வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பது தெரிந்தது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வேகத்தடை.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் லாரி டிரைவர்கள் தெருவுக்குள் பறக்கிறார்கள் என்று மனு எழுதி அதைப் போட வைத்தவளே நான்தான். ஜல்லியும் சிமெண்டும் இலவசமாகக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று கொத்தனாரிடம், “நல்லா ஒசரமா போடுங்க, அப்பதான் இவனுங்களுக்குப் புத்தி வரும்” என்றும் சொன்னேன். அவர் ரொம்ப நல்ல மனிதர், சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார்.

முன் சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு ஒரு ‘டொக்’. வண்டியின் வயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டது. இந்த வண்டிக்கு இன்ஜின் பின்னால். அதனால் பின்பக்கம் கனத்து இறங்க, முன்பக்கம் லேசாக எழும்பி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

தெருவே கூடிவிட்டது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். “வண்டி வாசலுக்கு வரலன்னா என்ன, வாசல் வண்டிக்கு வரட்டும்” என்று சொல்லி அங்கேயே சூடம் ஏற்றினாள். அப்பா காலத்து டிரைவர் ராசு அண்ணன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பின்னால் வைத்தது சரியாக நின்றது. முன் சக்கரத்தடியில் வைத்த பழம் இந்தப் பக்கம் உருண்டு அந்தப் பக்கம் போனது. சக்கரம் தரையிலேயே இல்லை.

ராசு அண்ணன் குனிந்து முன்னால் இரண்டு பழத்தையும் திரும்ப வைத்து, உருளாமல் கல்லை அண்டக் கொடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஷோரூமில் நான் பேசிய வீர வசனத்தை அண்ணன் முந்தின நாளே போனில் எல்லோருக்கும் சொல்லியிருந்தான்.

“லிஃப்ட் ஆக்சில் வேணாம்னியாமே பாப்பா. பாரு, நீ போட்ட மேடு இலவசமாவே தூக்கிக் குடுத்துருக்கு.”

அண்ணன் அந்த விற்பனையாளர் தம்பிக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில். தம்பி பணிவாகச் சொன்னார்: “சார், அந்த வெள்ள வண்டியில ஒரு பட்டன அமுக்குனா மூக்கு மட்டும் மேல தூக்கிக்கும். எந்த ஸ்பீட் பிரேக்கர்லயும் ஏறிடலாம். அன்னிக்கே சொல்ல வந்தேன் சார். மேடம் சொல்ல விடல.”

தெரு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். நோட்டு நோட்டாகப் படத்தைப் பிய்த்து ஒட்டியவன், இன்னும் நாலு நாளில் ஊரைவிட்டுப் போகப்போகிறவன், காரை ஒட்டி நின்று அதன் கூரையைத் தடவிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்தாள். உள்ளே போவதற்குப் பதிலாகக் கீழே போகிற மாதிரி இருந்த அந்தச் சீட்டில், “முருகா” என்று சொல்லித் தொப்பென்று உட்கார்ந்தாள். முன்பக்கம் மெல்ல, மிக மெல்ல இறங்கியது. ‘பச்சக்’ என்று முன் சக்கரத்தடியில் இரண்டு பழமும் நசுங்கின. ராசு அண்ணன் செல்போனை எடுத்துப் பார்த்தார். மணி பதினொன்று இருபத்தெட்டு.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். ரோட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்தான், ஆனால் அவளும் சிரித்துவிட்டாள்.

பிறகு ஜாக்கி வைத்து, பலகை கொடுத்து, எங்கள் டிரைவர்கள்தான் வண்டியை மீட்டார்கள். அன்று சாயங்காலமே அதே கொத்தனாரைக் கூப்பிட்டு, அந்த மேட்டை என் செலவிலேயே பாதியாகச் செதுக்கச் சொன்னேன். மறுநாள் அம்மாவும் அண்ணனும் மஞ்சள் காரில் திருமழபாடி போனார்கள். நான் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் மண்டியிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே.

இப்போதும் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் சரி, பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கினாலும் சரி, அண்ணன் போன் போட்டு, “லிஃப்ட் இருக்கான்னு கேட்டியா பாப்பா?” என்று கேட்காமல் வைப்பதில்லை. எங்கள் டிரைவர்கள் அன்று ஸ்பீக்கரில் கேட்ட ‘மேடம்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் தெரு வேகத்தடைக்கு ‘மேடம் மேடு’ என்று பெயர் வைத்தார்கள். அது எங்கள் தெருவைத் தாண்டிப் பரவிவிட்டது.

போன வாரம் டவுன் பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் புதுசு. தெருப் பெயரைச் சொன்னதும் யோசித்தார்.

“மேடம் மேட்டுலயா எறங்கணும்?”

“ஆமாங்க.”

டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார். “யாரும்மா அந்த மேடம்?”

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன், “தெரியாதுங்க.”