பையில இருக்கு

ஒரு பை வாங்குவதற்கு நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் செண்பகத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. (அவளுக்கு இரண்டு நாள் ஆனதாம். அது இப்போது வேண்டாம்.)

பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு ராஜபாளையத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். வீட்டில் இருப்பவனுக்கு எதற்குப் பை என்று கேட்கலாம். மாடியில் கரண்ட் போனால் நண்பன் கடைக்கு ஓட வேண்டும், சனி ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டும். மூன்றுக்கும் ஒரே பை வேண்டும் என்று முடிவு செய்தேன். இருபத்தேழு பைகளை எக்செல்லில் வரிசையாக ஏற்றி, எடை, தையல், தோள்பட்டி அகலம், மழைக்கு நனையுமா என்று எல்லாவற்றுக்கும் மார்க் போட்டேன். ஒரு பையின் ஜிப்பைப் பற்றி மட்டும் முகம் தெரியாத ஒருவரோடு இணையத்தில் நான்கு நாள் சண்டை போட்டேன்.

கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு கறுப்புப் பை. பன்னிரண்டு அறைகள். லேப்டாப் வைக்கும் அறையின் ஜிப், திருடன் கண்ணில் படாதபடி முதுகோடு ஒட்டும் பக்கத்தில் ஒளிந்திருந்தது. அதைச் செண்பகத்துக்கு விளக்கி முடிக்கும்போது எனக்கு லேசாக மூச்சு வாங்கியது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கீழ வச்சா நிக்குமா?"

வைத்தேன். விழுந்தது. அவள் அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள்.

செண்பகத்தின் வீட்டில் 'பை' என்றால் ஒன்றுதான்: ஜவுளிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பை. இரண்டு பக்கமும் கெட்டியான பிடி, அகலமான வாய், நடுவீட்டில் வைத்தால் மாமனார் மாதிரி அசையாமல் உட்காரும். ஊரில் பாதிப் பேர் அதே கடையில் துணி எடுப்பதால் விசேஷ வீடுகளில் ஒரே மாதிரி முப்பது கட்டைப்பைகள் வரிசையாக நிற்கும். அதனால் அவர்கள் வீட்டார், பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்துப் பிடியில் முடிந்துவிடுவார்கள். அதுதான் அடையாளம். என்னுடைய பன்னிரண்டு அறைப் பைக்கு அங்கே பை என்ற பட்டமே கிடைக்கவில்லை. அதற்குப் பெயர் 'முதுகு மூட்டை'. இதை நான் அப்போதே மனத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

அந்த மாதம் கம்பெனியில் எல்லோரும் பெங்களூருக்குத் திரும்பி வர வேண்டும் என்று மெயில் வந்தது. என் மேனேஜர் நல்லவர். புதன்கிழமை பன்னிரண்டேகாலுக்கு வாடிக்கையாளருக்கு ஒரு டெமோ இருக்கிறது, அதை ஊரிலிருந்தே தடங்கல் இல்லாமல் செய்து காட்டினால் உனக்காக மேலே பேசுகிறேன் என்றார். தடங்கினால் நான் மட்டும் பெங்களூர். செண்பகம் வேலையை விட முடியாது. நான்கு வயது மகளுக்கு நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் மாமா மாதிரி ஆகிவிடுவேன்.

அதே புதன்கிழமைதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தின் பெரியப்பா மகள் கல்யாணம். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிடும், மண்டபத்து மாடி அறையில் இணைய வசதி உண்டு என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். கிளம்பும்போது பார்த்தால் என் கறுப்புப் பையின் கைப்பிடியில் ஒரு முழம் பேண்டேஜ் துணி தொங்குகிறது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை மாதிரி இருந்தது. இந்தப் பை ஊரில் வேறு யாரிடமும் கிடையாது, இதற்கு எதற்கு அடையாளம் என்று மண்டப வாசலிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டேன். செண்பகம் அதைப் பார்த்தாள். பையை நான் மணமேடை ஓரம், மற்ற சாமான்களோடு வைத்தேன்.

தாலி கட்டு முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்கு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பையைத் திறந்தேன். முதலில் வந்தது ஒரு கட்டு தர்ப்பை. அடுத்து கற்பூர டப்பா, பஞ்சாங்கம், ஒரு மணி. பக்கவாட்டில், தண்ணீர் பாட்டிலுக்கென்று நான் தனி மார்க் போட்ட அறையில், ஒரு பித்தளைச் சொம்பு கனகச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஊரில் யாரிடமும் இல்லாத என் பை, கல்யாணம் நடத்தி வைத்த ஐயரிடமும் இருந்திருக்கிறது.

யார் யாரிடமோ நம்பர் வாங்கி அவருக்குப் போன் போட்டேன். அவர் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் வ. புதுப்பட்டியில் ஒரு கடைத் திறப்புக்குப் போய்ச் சேர்ந்து, என்னைப் போலவே விழித்துக்கொண்டிருந்தார்.

"கை விட்டா கயிறு கயிறா வருது, தர்ப்பையைக் காணும். பன்னெண்டுக்கு ராகுகாலம். உடனே கொண்டு வாங்கோ" என்றார்.

"சாமி, அதுல கம்ப்யூட்டர் இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"எத்தனை ஜிப்பு வச்சிருக்கான். எதைன்னு திறக்கறது?"

முதுகுப் பக்க ஜிப்பைப் பற்றி அவருக்குப் போனில் சொல்லிப் புரியவைக்க எனக்கு நேரமில்லை. கீழே ஓடி மச்சினனிடம் ஸ்கூட்டர் சாவியை வாங்கினேன். செண்பகம் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பை மாறிவிட்டது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேண்டேஜை அவிழ்த்தவன் எந்த முகத்தோடு சொல்வது? அதனால் பெரிய சாமர்த்தியமாக, "லேப்டாப் நீ எதுவும் பாத்தியா?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"பையில இருக்குங்க."

அப்பாடா என்றிருந்தது. ஐயரிடம் பத்திரமாக இருக்கிறது.

"வெளிய போயா பேசப் போறீங்க? அப்ப இதைக் கொண்டு போங்க" என்று, சுவரோரம் பேண்டேஜ் கட்டி நின்றிருந்த கட்டைப்பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். கை இறங்கியது. மேலே வாழை இலைப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் தெரிந்தன. எம்புட்டுச் சோறுதான் கட்டியிருக்கிறாளோ என்று உள்ளுக்குள் சலித்துக்கொண்டு, மச்சினன் ஸ்கூட்டரின் கொக்கியில் அதை மாட்டினேன். ஐயர் பையை முதுகில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் முதுகு கூசுகிறது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முதுகில் மணி அடித்தது. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். முன்னால் கட்டைப்பை முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. வழியில் எங்காவது இதை இறக்கி வைத்துவிட்டுப் போனால் என்ன என்று இரண்டு முறை யோசித்தேன். (இந்த வரியைச் செண்பகம் இன்றுதான் முதல் முறையாகப் படிக்கிறாள்.)

புதுப்பட்டிக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று நாற்பது. திறக்கப் போவது ஒரு ஜெராக்ஸ், பிரவுசிங் கடை. வாசலில் வாழைமரம், உள்ளே சாமந்தி மாலை, நடுவே ஐயர். என் முதுகிலிருந்து பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தன்னிடம் இருந்ததை என்னிடம் நீட்டிவிட்டு மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். நான் ஓரமாக உட்கார்ந்து அந்த ரகசிய ஜிப்பைத் திறந்தேன்.

அறை காலி.

மற்ற பதினொரு அறைகளையும் கவிழ்த்தேன். பழைய ஹெட்போன் ஒயர்கள் இருந்தன, ரயில் டிக்கெட் இருந்தது, அந்தப் பையின் உத்தரவாத அட்டை இருந்தது. லேப்டாப் இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கண் கலங்கிவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை. மகள் வாசலில் நின்று எனக்குக் கை காட்டுவது மாதிரி இருந்தது.

கடைக்கார அக்கா என்னைப் பார்த்துப் பயந்துபோய், "தம்பி, மொதல்ல தண்ணியக் குடிங்க. பொறவு பாப்போம்" என்றார்.

தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கட்டைப்பைக்குள் கையை விட்டேன். பாட்டிலுக்குக் கீழே ஏதோ தகடாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால், என் குளியல் துண்டில் சுற்றிய லேப்டாப். அதற்குக் கீழே சார்ஜர், மவுஸ், எழுதிவைத்த குறிப்பு நோட்டு. எதுவும் எதோடும் சிக்காமல் இருந்தது. பையில இருக்கு என்று அவள் சொன்னது முழுக்க உண்மை. ஐயரைத் தேடி ஓடிய நான், தேடிய பொருளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டேதான் ஓடியிருக்கிறேன்.

ஐயர் ராகுகாலத்துக்கு முன்னால் ஆரத்தியை முடித்தார். புதுக்கடையின் புது இணைப்பில் பன்னிரண்டேகாலுக்கு நான் உட்கார்ந்தேன். முதல் போணி நான்தான். என் பின்னால் தெரிந்த மாலைகளையும் வாழைமரத்தையும் பார்த்த வாடிக்கையாளர், டெமோவுக்காகவே இவ்வளவு அலங்காரமா என்று நெகிழ்ந்துபோனார். நான் மறுக்கவில்லை. ஒரு தடங்கலும் இல்லை. அடுத்த வாரமே ஊரிலிருந்து வேலை பார்க்க அனுமதி வந்துவிட்டது.

கிளம்பும்போது ஐயரிடம், இந்தப் பையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"கடைக்குச் சொம்பைக் கொண்டு போனேன். எதுல நின்னதோ அதை எடுத்துண்டேன்."

மூன்று மாதம், இருபத்தேழு வரிசை என்று அவரிடம் சொல்லவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பி வந்து செண்பகத்திடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஏன் லேப்டாப்பை மாற்றி வைத்தாய் என்று கேட்டதற்கு, "அடையாளம் இல்லாததுல வெலை கூடின சாமான நாங்க வைக்க மாட்டோம்" என்றாள். சிரிக்கக்கூட இல்லை. இருபத்தேழு பைகளுக்கு மார்க் போட்டவனுக்கு, பக்கத்திலேயே இருந்த நூற்றுக்கு நூறு தெரியாமல் போயிருக்கிறது. அன்று அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையும் பெருமையும் ஒன்றாக வந்தன. அவள் சிரிக்க வேண்டிய பங்கையும் சேர்த்து மாமனார் வீட்டார் இன்றுவரை சிரித்துவருகிறார்கள். அங்கே சாவி, கண்ணாடி, மாத்திரை எது காணாமல் போனாலும் ஒருவர் "பையில இருக்கு" என்பார், இன்னொருவர் "எந்தப் பை? புதுப்பட்டிக்குப் போயிருக்கா?" என்பார். என் மகளுக்கும் இது மனப்பாடம்.

போன மாதம் பெங்களூருக்கு ரயில் ஏறினேன். துணிமணி முதுகு மூட்டையில், லேப்டாப் பேண்டேஜ் கட்டிய கட்டைப்பையில். இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் எதிரில் இருந்தவர் என் மணிக்கட்டையே பார்ப்பதைக் கவனித்தேன். மத்தியானம் நான் தூங்கும்போது செண்பகம் அங்கேயும் அரை முழம் பேண்டேஜைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறாள். போன் போட்டுக் கேட்டேன்.

"பை மாறினாக்கூடச் சமாளிச்சுக்கலாம். ஆளு மாறாம வரணும்ல" என்றாள்.

எதிரில் இருந்தவர் கரிசனமாக, "அடி பலமோ?" என்று விசாரித்தார்.

"அடி இல்லங்க. அடையாளம்" என்றேன். பெங்களூர் போய்ச் சேரும்வரை அதை நான் அவிழ்க்கவில்லை.