பெற்றோல் மிஸ்ஸி

கண்டக்குழியில் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த உலகத்தில் முதன்முதலாக முகர்ந்த வாசம் தாய்ப்பால் இல்லை, பெற்றோல். எந்த நீதிமன்றத்திலும் இதைச் சத்தியம் செய்து சொல்வேன். வீடு வீடாக வந்து அவர்களைத் தூக்கி நிறுத்துப் பார்த்த மருத்துவிச்சியின் விரல்களில், எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் அந்த வாசம் போகாது.

அரசாங்கம் அவருக்கு வைத்த பதவிப் பெயர் மிக நீளம். ஊர் அதை 'பெற்றோல் மிஸ்ஸி' என்று சுருக்கிவிட்டது. உடப்பு என்ற இந்துக் கிராமத்தைச் சேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், தனியாள். மற்ற மருத்துவிச்சிகள் ஸ்கூட்டரில் வருவார்கள். இவர் ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளில் வருவார். இரண்டு சிலிண்டர், இரண்டு காபரேட்டர். அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பள்ளிவாசல் மோதினாரிடம் "ஏலத்தில எடுத்தது" என்றார். என்னிடம் "சீதனம்" என்றார். என் மனைவியிடம் மட்டும், "புருஷன் விட்டுட்டுப் போனது இது ஒண்டுதான்" என்றாராம். செத்துப்போனாரா, ஓடிப்போனாரா என்று மனைவி கேட்கவில்லை. மிஸ்ஸியின் முகத்துக்கு நேரே அப்படியெல்லாம் கேட்க முடியாது.

அந்த மோட்டார் சைக்கிள் ஓடினதை விட ஒழுகினது அதிகம். ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினால், இறங்கும் முன்னரே அந்த வீட்டு ஆண்பிள்ளைக்குக் கட்டளை பறக்கும். "முதல்ல டெப்பை மூடு. பிறகு உன்ட புள்ளையப் பார்ப்பம்." பெற்றோல் டெப்பை மூட மறந்தால் காபரேட்டர் நிரம்பி மணலில் வடியும். பிள்ளை பெற்ற வீட்டில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வாப்பும்மாக் கிழவியை, மிஸ்ஸி வேலிக்கு வெளியே விரட்டிய கதையை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அவர் வந்து போன வீட்டில் அஸர் தொழுகை வரைக்கும் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பது என் மனைவியின் கணிப்பு.

கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் அந்த மோட்டார் சைக்கிளைக் கண்டால் விடமாட்டார்கள். ஒருவன் அதை விலைக்குக் கேட்டு கிளினிக் வாசலுக்கே வந்துவிட்டான். மிஸ்ஸி அவனை வாங்கில் இருத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "இரத்தம் இல்ல" என்றார். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசை ஒரு பொட்டலம் கொடுத்து, தேத்தண்ணியோடு குடிக்கக்கூடாது என்று சைகையில் விளக்கி அனுப்பினார். அவனும் வாங்கிக்கொண்டு போனான். மிஸ்ஸி எதைக் கொடுத்தாலும் யாரும் மறுத்ததில்லை.

நாங்கள் கிளினிக்குக்குப் பக்கத்து வளவில் இருந்தோம். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த என் வாப்பா, அகதிக் கூடாரத்துக்குப் பிறகு கட்டிய வீடு. நான் அங்குள்ள பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். அந்த ஒரே காரணத்துக்காக மிஸ்ஸி என்னை மெக்கானிக்காக நியமித்துக்கொண்டார்.

பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. கண்டக்குழியில் ஓட்டோக்கள் பாய் போட்டு மூடிக் கிடந்தன. சுகாதார ஆட்களுக்கு என்று கொடுத்த கொஞ்சப் பெற்றோலில் மிஸ்ஸியின் மோட்டார் சைக்கிள் மட்டும் ஓடியது. அந்த நேரம் பார்த்து அதன் பெற்றோல் ரியூப் வெடித்துவிட்டது. ஒரு துளிக்கும் பஞ்சமான காலத்தில் நாளுக்கு அரைப் போத்தல் மணலுக்குப் போனது.

ஒரு சனிக்கிழமை காலை, புத்தளத்தில் வாங்கிய புது ரியூப்போடு மிஸ்ஸி எங்கள் முற்றத்துக்கு வந்தார். வலது கைப் பெருவிரலில் நகச்சுற்று, பெரிய கட்டு. கதிரை போட்டு உட்கார்ந்தார்.

"மாஸ்டர், நான் சொல்றன், நீங்க செய்யுங்க. படிச்ச ஆள்தானே."

டாங்கியைக் கழற்றி வைத்தேன். பழைய ரியூப் காய்ந்த பனை மட்டை மாதிரிக் கையோடு நொறுங்கி வந்தது. டாங்கியிலிருந்து ஒரு ரியூப் கீழே இறங்கும். நடுவில் ஒரு கவர்முனை. அதிலிருந்து ஒரு துண்டு இடது காபரேட்டருக்கு, ஒரு துண்டு வலதுக்கு.

"இது ரெட்டப்புள்ள, மாஸ்டர். ஒண்டுக்குக் குடுத்துட்டு மற்றத அழ விடலாமா? ரெண்டு துண்டும் ஒரே அளவு."

ரியூப் முனையில் ஏறவில்லை. பிடித்து அமுக்கக் குறடு ஒன்றை எடுத்தேன்.

"குறட்டக் கீழ வைங்க! பால் குடிக்காத புள்ளைய இடுக்கியால பிடிச்சா அமுக்குவீங்க? தங்கச்சி, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாங்க."

என் மனைவி கோப்பையில் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். ரியூப்பின் நுனியை அதில் முக்கி எடுத்துத் துடைத்ததும் பூப்போல ஏறி உட்கார்ந்தது. கிளிப் போட்டேன். மிஸ்ஸி குனிந்து பார்த்தார்.

"முழுசா வாய்க்குள்ள போகணும். இல்லாட்டிக் காத்துப் போகும். காத்துப் போனா வயிறு ஊதும். ரியூப் கீழ் நோக்கியே இறங்கணும். நடுவுல கூன் விழப்படாது. கூனுக்குள்ள காத்து குந்தும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அவளுக்கு மூத்தவன் பிறந்தபோதும் மிஸ்ஸி இதே வசனங்களைத்தான் சொல்லியிருந்தார், ஒரு சொல் மாறாமல்.

நான் படித்த ஆள் அல்லவா? இடது பக்கத் துண்டை அவர் காட்டிய அளவுக்கு மேலே ஒரு விரல் கூட்டி வெட்டியிருந்தேன். பிறகு போதாமல் போனால் என்ன செய்வது? டாங்கியைத் திரும்பப் பூட்டும்போது இடது பக்க ரியூப் கொஞ்சம் வளைந்ததைக் கண்டேன். மிஸ்ஸி காணும் முன்னர் கையால் உள்ளே தள்ளிவிட்டேன். மோட்டார் சைக்கிள் ஒரே உதையில் பிடித்தது. ஒரு துளி ஒழுகவில்லை.

"ஆ, இப்பதான் மாஸ்டர் மனுசனாகினது" என்று மிஸ்ஸி மெச்சினார். அன்றைக்கு முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

திங்கட்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை மீன்வாடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். அவன் மனைவியை ரிஸானா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதில்லை. அன்று நண்பகல்தான் அவன் கடலிலிருந்து கரையேறியிருந்தான். வீட்டில் ரிஸானாவுக்கு நோவு கண்டிருந்தது, தலைப்பிள்ளை. அம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, எப்போது வருமென்று தெரியவில்லை. மிஸ்ஸி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பறந்தார்.

நான் வேலியோரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து பாடுகிற சத்தம். கொஞ்ச தூரத்தில் அது திக்கியது. பிறகு ஒற்றைக் காலில் நொண்டியது. பிறகு நின்றுவிட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மணல் ரோட்டின் நடுவில் மோட்டார் சைக்கிள் தனியாக நின்றது. மிஸ்ஸியின் காலடிகள் மணலில் ஆழமாகப் பதிந்து வாடிப் பக்கம் போயிருந்தன. டாங்கிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். நான் நீட்டி வெட்டிய துண்டு, சூட்டில் இளகி, இரண்டாக மடிந்து கிடந்தது. இடது பக்கத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

நான் அந்த வீட்டை அடையும்போது பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. மிஸ்ஸி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பி இன்னொரு வாளி தண்ணி அள்ளினார்.

விசாரிக்க மேலதிகாரிகள் வந்தார்கள். ஏன் பிந்தியது என்று கேட்டார்கள். கிளினிக் ஜன்னலுக்கு வெளியே நான் நிற்கிறேன் என்று மிஸ்ஸிக்குத் தெரியும்.

"ரியூப்பைப் பிழையாப் பூட்டினது நான். அதால வழியில நிண்டு போச்சு. பிழை என்னில."

உள்ளே போய் "இல்லை, நான்" என்று சொல்ல எத்தனை அடி நடக்க வேண்டும்? பத்து அடி இருக்கும். நடக்கவில்லை. உத்தியோகம் இருந்தது, சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருந்தது. மிஸ்ஸியை எலுவன்குளத்துக்கு, காட்டோரமாக மாற்றினார்கள். அங்கே பிள்ளைகளை விட யானைகள் அதிகம். கண்டக்குழியில் அவரை மெச்சிய வாய்களே, "பழைய இரும்ப வெச்சுக்கிட்டு ஒரு புள்ளையத் தின்டுட்டா" என்றன.

அவர் சாமான் கட்டுகிற நாளில் போனேன்.

"மிஸ்ஸி, அந்த ரியூப்…"

"மாஸ்டர், வாய மூடிட்டு அந்தப் பெட்டியத் தூக்குங்க."

தூக்கினேன். லொறியில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றினோம். என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பெண் பழியைச் சுமந்தார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு சில வருஷங்கள் ஒழுங்காகத் தூங்காமல் இருந்தேன். எலுவன்குளத்துக்குப் போகப் பல தரம் புறப்பட்டு, ஒவ்வொரு தரமும் புத்தளம் பஸ் நிலையத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

போன மாசம் செய்தி வந்தது. ஓய்வுபெற்று உடப்புக்கு வந்த மிஸ்ஸி மாரடைப்பில் போய்விட்டார். அப்போதாவது போனேன். செத்த வீட்டுப் பந்தலின் ஓரத்தில் பர்தா போட்ட ஒரு பெண், இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ரிஸானா.

அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் போய்ச் சொன்னேன். "தங்கச்சி, அந்த ரியூப்பைப் பூட்டினது மிஸ்ஸி இல்ல. நான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரியூப்பா? சேர், எங்கட புள்ள முந்தின நாளே அசையல்ல. மாமி இல்லாத நேரம் மிஸ்ஸி ஊட்டுக்கு வந்து, வயித்துல குழாய வெச்சுக் கேட்டுட்டு, இப்பவே புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போ எண்டு சொன்னா. அவர் கடல்ல. வண்டி ஒண்டும் இல்ல. எனக்குப் பயம். நாளைக்குப் போவம் எண்டு படுத்துட்டன். மாமிக்கிட்டயும் சொல்லல்ல."

"அப்ப விசாரணையில…"

"நான்தான் மிஸ்ஸிட காலப் புடிச்சன். மாமிக்குத் தெரிஞ்சா என்னைய அந்த ஊட்டுல வெச்சிருக்கமாட்டா எண்டு அழுதன். மிஸ்ஸி சொன்னா, பழிய ரியூப்புக்கு மேல போடுவம், ரியூப்பா அழப்போகுது எண்டு."

இத்தனை வருஷமும் என்னைச் சுற்றி நடந்ததாக நினைத்த கதையில், மிஸ்ஸி என்னைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஆனாலும் என் கை வெட்டிய அந்த நீளத்தால்தான், ஒரு பெண் நோவோடு கொஞ்ச நேரம் அதிகமாகத் தனித்துக் கிடந்தாள். அதை யார் வந்தும் அழிக்க முடியாது.

"மாமி போன வருஷம் மவுத்தாகிட்டா, இனி எனக்கு ஆருட பயமும் இல்ல" என்றாள் ரிஸானா. இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சேர். மிஸ்ஸியப் பத்தி ஊரு கதைச்சது போதும்."

உடப்பிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த முதியவர் என் ஈரமான கண்களையும் தலையிலிருந்த தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செத்த வீட்டுக்குப் போய் வாறீங்களோ தம்பி? ஆர், சொந்தமோ?"

"ஓம்" என்றேன்.