ஜக்கார்டுக்கு நான் ஊற்றிய எண்ணெய்

பூட்டிய வீட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நான்காவது முறையும் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கண்ணமங்கலத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகும்போது, அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். (அன்று வீட்டில் சமைக்கவே இல்லை.) இப்படிப்பட்டவன் கையில் அறிவியலைக் கொடுக்கக் கூடாது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. செல்போன் விடவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே ஒரு வீடியோ பார்த்தேன். சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் பேசினார். பளபளவென்று இருக்கிற இரும்பும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்குமாம். இரண்டு இரும்பு உரசும்போது மேட்டோடு மேடு மோதி, ஒன்றை ஒன்று சுரண்டித் தூளாக்குமாம். நடுவில் மெல்லிசாக எண்ணெய்ப் படலம் நின்றால்தான் இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் வழுக்கிப் போகுமாம். கடைசியில் கேமராவை உற்றுப் பார்த்து, "உங்க மெஷின் இந்த நிமிஷம் தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்கு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம், இரண்டு நாளாக என் தறியில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். தறியில் இருந்ததோ மச்சினிச்சி ரேவதியின் முகூர்த்தப் புடவை. சந்தன நிறம். "என் கையாலதான் நெய்வேன்" என்று நிச்சயதார்த்தத்தில் எல்லார் எதிரிலும் வாயை விட்டிருந்தேன். முந்தியும் உடலில் பாதியும் முடிந்திருந்தது. கல்யாணத்துக்குப் பதினோரு நாள். தறி தெரியாதவர்களுக்கு ஒரு விவரம்: டிசைனுக்காக நூலைத் தூக்கிவிடும் ஜக்கார்டு என்கிற இரும்புப் பெட்டி, விரித்த பட்டு நூலுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். வீடியோக்காரருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். (அதுதான் கேவலம்.)

"ஜக்கார்டு தேயுது மல்லிகா," என்றேன் மனைவியிடம்.

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "சத்தம் மேல இல்ல, கீழ வருது. மிதிகட்டையப் பாருங்க."

"நீ அந்த வீடியோவப் பாத்தியா?"

"நான் காதால கேட்டுகினு இருக்கேன்."

வீடியோ பார்க்காதவர்கள் பேச்சை நான் அப்போது மதிப்பதில்லை. அவள் ரேஷன் கடைக்குக் கிளம்பியதும் ஸ்டூல் போட்டு ஏறினேன். மெல்லிய படலம் போதும் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். எனக்கு மெல்லிசான எதிலும் நம்பிக்கை கிடையாது. பாதி பாட்டில் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றினேன். இறங்கி மிதித்தேன். கிரீச். பாவம், தாகம் தீரவில்லை என்று மறுபடி ஏறி மீதியையும் ஊற்றினேன்.

உட்கார்ந்து நெய்யத் தொடங்கியபோது கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பல்லி என்று நினைத்து, எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்று கவலைப்பட்டேன். அடுத்த சொட்டு பட்டில் விழுந்தது. கன்னங்கரேல் என்று இருந்தது. எண்ணெய் தனியாக இறங்கவில்லை. பெட்டிக்குள் தேய்ந்து தேய்ந்து கிடந்த இரும்புத் தூளையெல்லாம் அலசிக்கொண்டு வந்தது. வீடியோவில் சொன்ன அத்தனை மேடுகளும் என் மச்சினிச்சி புடவைக்குக் குடிவந்துவிட்டன. துண்டை எடுத்துத் துடைத்தேன். பொட்டு அளவில் இருந்ததெல்லாம் உள்ளங்கை அளவுக்கு ஆனது.

மல்லிகா திரும்பினாள். கூடவே, ஜாக்கெட் துணிக்கு நிறம் பார்க்க வந்த ரேவதி.

ரேவதி குனிந்து பார்த்தாள். "இன்னா மாமா, இந்தப் புட்டாவ நான் கேக்கவே இல்லியே?"

"இரும்பு தேயக் கூடாதேன்னு..."

"இரும்பு தேயாம பாத்துகினீங்க. என் கல்யாணம்?" என்றாள். கால் விட்டு உட்கார்ந்திருந்த தறிக்குழியிலேயே என்னை வைத்து மண் தள்ளி மூடச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

மல்லிகா யாரையும் திட்டவில்லை. (அது இன்னும் பயம்.) பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, கறையின்மேல் தூவி, எண்ணெயை உறிஞ்ச வைத்தாள். எண்ணெய் போனது, இரும்பு சாம்பல் நிறத்தில் தங்கிவிட்டது. பிறகு தான் கட்டியிருந்த புடவையிலேயே கை வைத்து அளந்தாள். "முந்தியிலருந்து இவ்ளோ தூரம்... கொசுவத்துலதான் வருது. உள்மடிப்புல போட்டுக் கட்டினா தெரியாது."

ரேவதி கண்ணைத் துடைத்தாள். "அவுந்து வெளிய வந்துச்சுன்னா?"

"வராது. உங்க மாமா பாத்துக்குவாரு," என்றாள் மல்லிகா. அந்த வார்த்தையை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

புடவையை ஒன்பதாம் நாள் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தேன். (அதற்குள் மல்லிகா மிதிகட்டையின் இரும்புக் கம்பியில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே சொட்டு விட்டாள். சத்தம் நின்றது.)

கல்யாணம் நன்றாக நடந்தது. கறை வெளியே வரவேயில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. தாலி கட்டியது எனக்குத் தெரியாது. கெட்டிமேளச் சத்தம் கேட்டு அட்சதை போட்டேன்.

ஆல்பம் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாலை மாற்றும் படத்தில் ஓரமாகக் குனிந்திருக்கிறேன். தாலி கட்டும் படத்தில் புரோகிதருக்குப் பின்னால் குனிந்திருக்கிறேன். அக்னியைச் சுற்றும் மூன்று படங்களிலும் மாப்பிள்ளைக்கு அடுத்த ஆளாக, குனிந்தபடியே நானும் சுற்றுகிறேன்.

இன்றைக்கும் ரேவதி வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து ஆல்பத்தைப் புரட்டினால், நாலாவது பக்கத்தில் கேட்பார்கள்: "இவரு யாரு, எல்லாத்துலயும் எதையோ தேடிகினு இருக்காரு?"

ரேவதி காபியை வைத்துக்கொண்டே சொல்வாள்: "எங்க மாமா. ஆயில் லீக் ஆவுதான்னு பாக்குறாரு."