பின்சக்கரம் பிடிக்கும் முனி

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில், ஏற்றம் தொடங்கும் இடத்தில், அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறு கார்கள் நின்றன. அத்தனையும் சின்னக் கார்கள். அருவி பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கரியாலூர் போய், அருவி பார்த்து, மழையில் நனைந்து, வீடு திரும்பி, நாலு நாள் கழித்து வண்டியை எடுத்தால் நகரவில்லையே என்று, அதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடி வந்த கூட்டம்.

என்ஜின் உறுமுகிறது. கியர் விழுகிறது. பின்சக்கரம் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டது போல.

யார் பிடித்தது? அதைச் சொல்லத்தான் சக்கரச் சாமியார் அங்கே தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மலையிலேருந்து ஒருத்தன் உங்க வண்டியில தொத்திக்கினு எறங்கிட்டான். பின்சக்கரத்துல உக்காந்துக்கினு தூங்கறான். முனி!"

முன்சக்கரத்தில் ஏன் உட்காருவதில்லை என்று யாரும் கேட்கவில்லை. முனிக்கு முன்சீட்டு பிடிக்காது போலிருக்கிறது.

பரிகாரம் எளிது. வண்டியைச் சாமியாரின் மைதானத்தில் நிறுத்த வேண்டும். ஒரு குடம் உப்பு, மஞ்சள் கலந்த தண்ணீரைப் பின்சக்கரங்களில் ஊற்ற வேண்டும். கை பிரேக்கை முழுதாக மேலே இழுத்துவிட வேண்டும். ஏன்? "மனுசன் கை தூக்கிக் கும்பிடறான். வண்டிக்கு இருக்கறது அந்த ஒரு கைதானேய்யா!" கூட்டம் சிலிர்த்துப்போனது. மூன்று நாள் வண்டி அசையக் கூடாது. நாலாம் நாள் காலையில் ஓட்டிப் பார்த்தால் சக்கரம் உருளாது. முனி உள்ளே இருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிறகுதான் பெரிய காட்சி. காவித்துணி சுற்றி, மயிலிறகு கட்டிய தண்டத்தோடு சாமியார் எழுவார். சக்கரத்தின் கீழே வெள்ளைத் துணி விரிப்பார்கள். ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சக்கரத்தின் நடுவில் தண்டத்தால் இரண்டு போடு போடுவார். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். முனி குதித்து ஓடுகிறான்! வெள்ளைத் துணியில் செக்கச்செவேலென்று பொடி கொட்டும். முனியின் ரத்தம்! பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆண்கள் மொபைலில் படம் எடுத்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

போகும்போது ஒரு கறுப்புக் கயிறும், வாராவாரம் வெள்ளிக்கிழமை பின்சக்கரத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் 'கை தூக்கி' வைக்கும்படி ஒரு கட்டளையும் கிடைக்கும். அடுத்த மாதமே திரும்பி வந்துவிடுவார்கள். புகழ் பரவியது. மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒருவர் கரும்பு ஏற்றும் மாட்டு வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு பிரேக்கே கிடையாது. சாமியார் சளைக்கவில்லை. மாட்டுக்குக் கயிறு கட்டி அனுப்பினார்.

இந்தக் கூட்டத்தில் வேடியப்பன் நிற்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். கருணாபுரத்துக்காரர். பத்து வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டிவிட்டு, பழைய சின்னக் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தார். அதை வைத்து மலைக்கு ஆள் ஏற்றிப்போவதுதான் குடும்பத்துக்குச் சோறு. அந்த வண்டியை முனி மூன்று முறை பிடித்துவிட்டான். வேடியப்பன் சொன்னதைத் தவறாமல் செய்கிற மனிதர். வெள்ளிக்கிழமை ஒரு குடம் போதும் என்றால் இரண்டு குடம் ஊற்றுவார்.

அன்று மூன்றாம் முறை முனியை விரட்டிவிட்டுச் சாமியார் உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஆவாதுப்பா. ஒன் வண்டியில முனி குடித்தனமே பண்ணிக்கினு இருக்கான். இனி எந்தக் கட்டும் நிக்காது. அமாவாசைக்குள்ள வண்டி கைமாறணும். இல்லாட்டி சக்கரத்தை வுட்டுட்டு வூட்டு ஆளைப் புடிப்பான்."

கைமாற்றிக்கொள்ளத் தயாராக, கொட்டகையின் ஓரத்திலேயே சின்னதுரை என்றொரு தரகர் நாற்காலி போட்டிருந்தார். பழைய இரும்பு விலைக்கு முனி வண்டிகளை வாங்கிக்கொள்ளும் தியாகி. இதுவரை ஏழு வண்டிகளைத் தியாகம் செய்து வாங்கியிருந்தார்.

வீட்டில் வேடியப்பனின் மனைவி செல்லியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"வண்டியை வித்துப்புட்டு இன்னாய்யா பண்ணப்போற? திரும்பவும் அடுத்தவன் வண்டியைத் தொடைக்கப் போறியா?"

"முனி ஒன்னைப் புடிச்சா இன்னாடி பண்றது?"

"பதினெட்டு வருசமா நீ புடிச்சிக்கினு கெடக்கற. முனி வந்து புதுசா இன்னா பண்ணிடும்?"

சிரிப்பாகச் சொன்னாலும் அவர் குரல் உடைந்திருந்தது. அமாவாசைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. மலையில் வேலை பார்க்கும் நர்ஸ் பவுலின், மழைக்காலத்தில் வேடியப்பனின் காரில்தான் மேலே போவார். அவருக்கும் சொந்தமாக ஒரு சின்னக் கார் உண்டு. மலை வளைவில் அதை ஓட்டத்தான் பயம். வேடியப்பன் வழியெல்லாம் முனியின் கதையைச் சொல்லி முடித்தார்.

"இனிமே வேற வண்டி பாத்துக்கங்க சிஸ்டர்."

பவுலின் குனிந்து கை பிரேக்கைப் பார்த்தார்.

"ஏண்ணே, முனி புடிச்ச மூணு தடவையும் கை பிரேக் மேலதான் இருந்திச்சா?"

"ஆமா சிஸ்டர். சாமி கட்டளையாச்சே."

"கீழ எறக்கி வெச்ச வண்டியை முனி என்னைக்காவது புடிச்சிருக்கா?"

வேடியப்பன் யோசித்தார். வண்டி ஒரு வளைவு தாண்டி, இன்னொரு வளைவும் தாண்டியது.

"எறக்கி வெக்க யாருக்கு சிஸ்டர் தைரியம் இருக்குது?"

"எனக்கு இருக்குதுண்ணே" என்றார் பவுலின்.

அன்று மாலையே இரண்டு கார்களும் சாமியாரின் மைதானத்துக்கு வந்தன. பவுலினின் கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பவுலின் ரொம்பப் பணிவாகக் கும்பிட்டார்.

"சாமி, என் வண்டிக்கு இருக்கறதுலயே பெரிய கட்டா போட்டு வுடுங்க. முனி கிட்டவே வரக்கூடாது."

சாமியார் குளிர்ந்துபோனார். முன்னால் எலுமிச்சம்பழ மாலை, பின்னால் பூசணிக்காய், நாலு சக்கரத்துக்கும் கயிறு. வண்டி கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது.

"இனி இந்த வண்டியை முனிக்கு முப்பாட்டன் வந்தாலும் தொட முடியாது!"

"வேடியப்பண்ணன் வண்டி, சாமி?"

"அதை இன்னைக்கும் புடிப்பான், என்னைக்கும் புடிப்பான்."

"அப்ப ரெண்டும் மூணு நாள் இங்கயே நிக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும். நீங்க சொன்ன மாதிரி நடந்தா வேடியப்பண்ணன் வண்டியை வித்துடுவாரு. என்னண்ணே?"

வேடியப்பன் கூடவே வந்திருந்த மனைவியைப் பார்த்தார். செல்லியம்மாள் "ம்" என்றார். சின்னதுரை நாற்காலியை ஓரடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு கார்களுக்கும் ஒவ்வொரு குடம் உப்பு மஞ்சள் தண்ணீர். இரண்டுமே கியரில். இரண்டுக்கும் சக்கரத்தில் கல். பவுலின் இரண்டு வண்டிக்குள்ளும் ஏறி இறங்கினார். கதவைப் பூட்டிச் சாவிகளைச் செல்லியம்மாளிடம் கொடுத்தார். அதை வாங்கி அவர் முந்தானையில் முடிந்துகொண்டார்.

சாமியார் ஒரு வண்டியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அடுத்த வண்டியிலும் எட்டிப் பார்த்தார். இரண்டிலும் முன்சீட்டுகளுக்கு நடுவே தலையணையும் போர்வையுமாக ஏதோ மேடாகக் கிடந்தது.

"கை பிரேக்கைக் காணமே?"

"போர்த்தி வெச்சிருக்கேன் சாமி."

"எடுத்துடும்மா. கை தூக்கியிருக்கான்னு நான் பாக்கணும்."

"முனிதானே சாமி பாக்கணும்? நமக்கு எதுக்கு?"

கூட்டத்தில் யாரோ 'களுக்'கென்று சிரித்துவிட்டார்கள். சாமியாரும் சிரித்தார். பாதிச் சிரிப்புதான் வந்தது.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை காலை. மைதானம் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. பட்டாணி விற்பவர்கூட இரண்டு கூடை ஜாஸ்தியாகக் கொண்டுவந்திருந்தார்.

முதலில் வேடியப்பனின் வண்டி. கல்லை எடுத்தார்கள். வேடியப்பன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார்.

வண்டி நழுவிப் போய்க்கினே இருந்தது. எழுத்தில் இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் அங்கே எல்லார் வாயிலிருந்தும் வந்த வார்த்தை அதுதான். "போய்க்கினே இருக்குதுடா!" மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது. வேடியப்பன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அடுத்து பவுலினின் வண்டி. எலுமிச்சை மாலை, பூசணிக்காய், நாலு கயிறு. பவுலின் உள்ளே குனிந்து என்னவோ செய்துவிட்டு என்ஜினைக் கிளப்பினார். உறுமியது. மூக்கைத் தூக்கியது. பின்சக்கரம் இரண்டும் இம்மியும் அசையவில்லை.

பட்டாணி விற்பவர்கூட கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"கட்டு போட்ட வண்டியை முனி புடிச்சிருக்கான். கட்டே போடாத வண்டியை வுட்டுட்டான். இது எப்படி சாமி?" என்றார் பவுலின்.

"முனி... எடம் மாறிட்டான்" என்றார் சாமியார். "இப்பவே ஓட்டறேன் பாருங்க." தண்டத்தைத் தூக்கினார்.

தூக்கியது இறங்கவில்லை. செல்லியம்மாள் நடுவிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஏன் சாமி கஷ்டப்படணும்? நான் போடறேன்."

இழுபறியில் மயிலிறகு கழன்றது. காவித்துணி அவிழ்ந்தது. உள்ளே இருந்தது சுத்தியல். பட்டறையில் கிடக்கும் சாதாரண ரெண்டு கிலோ சுத்தியல். செல்லியம்மாள் எந்த மந்திரமும் சொல்லவில்லை. "எம் புருசன் வண்டியைப் புடுங்கவாடா பாத்த?" என்று மட்டும் சொல்லிச் சக்கரத்தின் நடுவில் இரண்டு போடு போட்டார்.

டக்!

முனி அவருக்கும் அடங்கிவிட்டான்.

வேடியப்பனே ஜாக்கி வைத்துப் பவுலின் வண்டியின் சக்கரத்தைக் கழற்றினார். அதன் பின்னால் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மையும் கழற்றினார். பத்து வருடம் வண்டி ஓட்டியவர், முனிக்குப் பயந்து இந்த ஒன்றைத்தான் திறக்காமல் இருந்தார். உள்ளே செக்கச்செவேலென்று துரு. விரலால் தடவிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"இதாங்க முனியோட ரத்தம்!"

"இந்த வண்டியிலதான் மூணு நாளும் கை பிரேக்கை மேல இழுத்து வெச்சிருந்தேன், இப்ப எறக்கிட்டுத்தான் கிளப்பினேன்" என்றார் பவுலின். "அண்ணன் வண்டியில கீழ எறக்கிட்டேன். அவ்வளவுதான். கை பிரேக் போட்டா உள்ள இருக்கற ரெண்டு பிரேக் கட்டையும் டிரம்மோட ஒட்டி நிக்கும். ஈரத்தோட, அதுவும் உப்புத் தண்ணியோட மூணு நாள் ஒட்டி நின்னா துருப்புடிச்சி அப்படியே கவ்விக்கும். சுத்தியால தட்டினா வுட்டுடும். தண்ணியில எறங்கி வந்தீங்கன்னா, நிறுத்தறதுக்கு முந்தி பிரேக்கை லேசா மிதிச்சிக்கினே கொஞ்ச தூரம் ஓட்டுங்க. சூட்டுல காஞ்சிடும். நாள் கணக்கா நிக்கப்போவுதுன்னா சமமான எடமா பாத்து கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சா போதும். வருசம் ஒருக்கா டிரம்மைக் கழட்டித் தொடைங்க."

"அப்ப உப்புத் தண்ணி?"

"அது துருவுக்குச் சாப்பாடு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ் சின்னதுரை, நீ வாங்கின ஏழு வண்டியையும் முனி ஒண்ணும் பண்ணலியா? எல்லாம் எந்த ஊர்ல ஓடுது?"

எல்லாரும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி மட்டும்தான் இருந்தது. கொட்டகையைப் பார்த்தார்கள். சாமியாரும் வேலிப்பக்கமாகக் காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். சின்னதுரையிடம் வண்டியை விற்ற ஏழு பேரும் கூட்டத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பினார்கள். வேலி தாண்டுவதற்குள் சாமியாரைப் பிடித்துவிட்டார்கள். அவருக்கு பிரேக் போட இரண்டு கை போதுமானதாக இருந்தது. போலீஸ் வந்து விசாரித்தபோது, ஊர், பேர் எல்லாம் மணிமணியாகச் சொன்னார். அரங்கநாதன். முன்தொழில், பிரேக் மெக்கானிக்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கூட்டம் கலையும்போது நாராயணசாமி என்ற பெரியவர், நல்ல வெள்ளைச் சட்டை, சொந்தமாக இரண்டு கார், பவுலினிடம் பயபக்தியோடு வந்து நின்றார். கையில் புதுக் கறுப்புக் கயிறு.

"சிஸ்டர், இதை உங்க கையால கட்டி வுடுங்க. அவனைவிட உங்களுக்குத்தான் சக்தி ஜாஸ்தி."

பவுலின் அவரையே பார்த்தார். கயிற்றை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, வேடியப்பனிடமிருந்து ஸ்பேனரை வாங்கி அவர் கையில் வைத்தார்.

"கட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. கழட்டிப் பாக்கறதுக்குத்தான் இருக்குது."

நாராயணசாமி ஸ்பேனரை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐயா, அதைக் கும்பிடாதீர்கள். நட்டைத் திருகுங்கள்.