உறை போட்ட பி.பி. மிஷின்

எதையும் அளந்து எழுதிவிட்டால் அதைப் பற்றிய பயம் போய்விடும் என்று முப்பது வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். பயம் அப்படியேதான் இருக்கும், கூடவே அதற்கு ஓர் எண்ணும் கிடைத்துவிடும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கர்ப்பம், ஒரு பி.பி. மிஷின், ஒரு வெள்ளை அம்பாசடர், ஒரு அப்பாவி ஓட்டுநர் இவ்வளவும் தேவைப்பட்டன.

இது 2002இல் நடந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் அணு ஆராய்ச்சி ஊழியர்களுக்கான குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் மதுராந்தகத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். எனக்கு அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. மற்ற பிரிவுக்காரர்கள் கொண்டுவரும் அழுத்தமானிகள் உண்மையைத்தான் சொல்கின்றனவா என்று பார்த்து, சொன்னால் பச்சைச் சீட்டும் சொல்லாவிட்டால் சிவப்புச் சீட்டும் ஒட்ட வேண்டும். (சிவப்புச் சீட்டு ஒட்டும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.) அன்று முதல் இன்று வரை டைரி எழுதாமல் படுத்ததில்லை. சிலிண்டர் மாற்றிய தேதி, பால் திரிந்த தேதி, எல்லாம் இருக்கும்.

ஆறாவது மாதத்தில் செங்கல்பட்டு டாக்டரம்மா என் கையிலிருந்து பட்டையைக் கழற்றிக்கொண்டே, பிரஷர் கொஞ்சம் மேலே போகிற மாதிரி இருக்கிறது, வீட்டில் காலை மாலை பார்த்து எழுதிக்கொண்டு வா என்றார். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறைத் தாண்டினால் சும்மா உட்கார்ந்து, சிறிது நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் இறங்காவிட்டாலோ, தலைவலி வந்தாலோ, கண் மங்கினாலோ உடனே கிளம்பி வர வேண்டும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

காரணம் என் அக்கா வசந்தா. அதற்கு இரண்டு வருடம் முன்பு, திருச்சியில், அக்காவுக்கு ஏழாவது மாதத்தில் இரண்டு நாள் விடாமல் தலைவலி. எல்லோரும் வெயில் சூடு என்றார்கள். தைலம் தேய்த்தார்கள், இளநீர் கொடுத்தார்கள். பிரஷர் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் பிரஷர் என்று குக்கரைப் பற்றிக்கூட யாரும் பேசுவதில்லை.

டாக்டரம்மா சொன்னதை நான் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் மதியம் அக்கா இரண்டு பைகளோடு வந்து வாசலில் நின்றாள். யாரும் அழைக்கவில்லை. எவ்வளவு நாள் இருப்பாய் என்று கேட்டதற்கு, "நீ பெத்துக்கற வரைக்கும்டி" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மிஷின் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அவருடைய சித்தி மகன் கொடுத்தனுப்பியது. பித்தானை அழுத்தினால் தானாகக் காற்றடித்து, தானாக எண்ணைக் காட்டும். அதைப் பார்த்ததும் அக்காவும் நானும் செய்த முதல் காரியம், அதற்கு உறை தைத்ததுதான். எங்கள் குடும்பத்தில் உறை இல்லாத பொருள் கிடையாது. ரிமோட்டுக்கு உறை, மிக்சிக்கு உறை, தொலைபேசிக்குக் குஞ்சம் வைத்த உறை. கையில் சுற்றும் பட்டை துணியால் ஆனது, வியர்வை பட்டால் அழுக்காகும் அல்லவா. மிச்சமிருந்த ரவிக்கைத் துணியில், வெளிர் நீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது, ஒட்டுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கச்சிதமாகத் தைத்துப் போட்டோம். டைரியில் அன்றைய பக்கத்தில் 'பட்டைக்கு உறை தைத்தாயிற்று' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அடிக்கோட்டைப் பார்த்தால் இப்போதும் காது சூடாகிறது.

பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், இடது கை, வலது கை, மேல் எண், கீழ் எண், நாடி, வானிலை, குறிப்பு. (வானிலை எதற்கு என்று அவர் கேட்டார். பின்னால் தேவைப்படலாம் என்றேன். இன்றுவரை தேவைப்படவில்லை.) காலை ஆறரை, மாலை ஆறரை. ஆறு இருபத்தைந்துக்கு பாத்ரூம் போகவேண்டும் என்று தோன்றினால், நேரம் தவறிவிடுமே என்று பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆய்வகத்தில் ஒரே அளவை மூன்று முறை எடுத்துச் சராசரி போடுவோம். இங்கேயும் மூச்சு விடாமல் அடுத்தடுத்து மூன்று முறை. கை சிவந்துபோகும்.

எண்கள் மெல்ல ஏறின. நூற்று முப்பத்து நான்கு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு. நான் வரைபடத்தாள் வாங்கிவரச் சொன்னேன். புள்ளி வைத்தேன், கோடு போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அளவுகோலை வைத்துப் பென்சிலால் அந்தக் கோட்டை வரப்போகும் நாட்களுக்கும் நீட்டினேன். அது வெள்ளிக்கிழமை நூற்று நாற்பதைத் தாண்டியது. அடுத்த வெள்ளி நூற்றைம்பது. அதற்கு மேல் தாள் இல்லை.

தாளை மடித்துப் புடவை அடுக்குக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு தலைவலிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். காலையில் கண் விழித்ததும் எதிர்ச்சுவர் காலண்டரில் ராகு காலத்தைப் படித்துப் பார்ப்பேன். எழுத்து தெரிந்தால் இன்று ஒரு நாள் தள்ளிப்போயிற்று என்று பொருள். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று எண்ணுவேன். அக்கா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் பாதங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போவாள்.

கோடு சொன்ன வெள்ளிக்கு ஒரு நாள் முன்பே, வியாழக்கிழமை காலை ஆறரைக்கு, மிஷின் 148/96 காட்டியது. உடனே மறுபடி அழுத்தினேன். 153/99. மறுபடி. 158/102. உட்கார்ந்து சிறிது நேரம் கழித்துப் பார் என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு நினைவே வரவில்லை. அக்கா பின்னால் வந்து நின்று எண்ணைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"கிளம்பு," என்றாள்.

கணக்கு முடிக்கும் வேலை என்று அவர் முந்தின இரவு மதுராந்தகம் வங்கியிலேயே தங்கிவிட்டார். வங்கிக்குப் போன் போட்டு, நேராகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும்படி சொன்னோம். கார் ஸ்டாண்டிலிருந்து ஏகாம்பரம் வந்தார். சதுரங்கப்பட்டினத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி. குடியிருப்பின் பாதிப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். "இதுவரைக்கும் ஒரு புள்ளகூட என் வண்டில பொறந்தது கிடையாது. தைரியமா ஏறு மேடம்," என்று கதவைத் திறந்தார்.

நான் மிஷினையும் நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். அந்தச் சாலையில், ஓடும் அம்பாசடரில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்த்துக்கொண்டு வந்தேன். 164. 167. ஒரு பள்ளத்தில் இறங்கியபோது எண்ணே வராமல் வெறும் கோடு வந்தது. நான் போய்விட்டேனோ என்று ஒரு கணம் நினைத்தேன். (போயிருந்தால் நோட்டில் எழுதியிருக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. எழுதியிருக்கிறேன்: 'கோடு'.)

"அந்த மிஷின கொஞ்சம் கீழ வை மேடம். அது கர்ருனு கத்தறப்பெல்லாம் எனக்குப் படபடன்னு வந்துகினு கீது," என்றார் ஏகாம்பரம்.

திருக்கழுக்குன்றத்தில் சுற்றுலாப் பேருந்துகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி நின்றுவிட்டது. மலைமேல் கழுகு வருகிறதா என்று மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்த மலையை, கோபுரத்தின் விளிம்பு மங்கலாகத் தெரிகிறதா என்று நான் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் குழந்தை ஒரு முறை புரண்டது. அக்கா என் வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் எனக்குள் இருந்த ஆய்வகக்காரி விழித்துக்கொண்டாள். மிஷின் பொய் சொன்னால்? சந்தேகம் வந்தால், நல்ல நிலையில் உள்ள இன்னொன்றில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. அக்காவிடம் கையைக் கேட்டேன். அவள் முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். அந்த வலிப்புக்குப் பிறகு அவள் யாரையும் தனக்குப் பிரஷர் பார்க்க விட்டதில்லை.

மிச்சமிருந்தவர் ஏகாம்பரம்.

"எனக்கு இன்னாத்துக்கு மேடம்? நான் இன்னா புள்ள பெத்துக்கவா போறேன்?"

"உங்களுக்கு ஒண்ணும் இருக்காது அண்ணே. மிஷினைச் சோதிக்கத்தான்."

அவருடைய மெலிந்த கையில் பூப்போட்ட பட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. மிஷின் கர்ரென்றது. 182/114.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மிஷின் கெட்டுப்போயிருக்கிறது. மனதுக்குள் சிவப்புச் சீட்டை எடுத்து ஒட்டிவிட்டேன். "பாத்தியாக்கா, இது எல்லாருக்குமே ஏத்தித்தான் காட்டுது," என்றேன்.

அக்கா அவரைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, உங்களுக்குத் தலை வலிக்குதா?"

"காத்தாலேந்து பின்மண்டை வலிச்சிகினுதான் கீது. ரெண்டு நாளாவே அப்பிடித்தான். வெயிலு சூடும்மா, வேற ஒண்ணும் இல்ல."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து என் சந்தோஷம் அப்படியே வற்றிவிட்டது. "சூடு இல்ல அண்ணே," என்றாள் மெதுவாக. "எங்க வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க."

எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஏகாம்பரம் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, செங்கல்பட்டு வரை மாட்டுவண்டிகள் முந்திப்போகும் வேகத்தில் ஓட்டினார். பயப்பட வேண்டிய ஆள் வண்டியில் ஒருவர் என்று கிளம்பி, இருவராகப் போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா என் மடியில் இருந்ததைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மிஷினுக்குப் பாவாடை கட்டிகினு வந்து கீற?" பிறகு ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, முதலில் பாத்ரூம் போய்விட்டு வா என்றார். அன்று காலையிலிருந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பிறகு முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா வந்து, அகலமான பட்டையைச் சுற்றிப் பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்தார். 126/80. இன்னும் சிறிது நேரம் கழித்துப் பார்த்தார். 122/78.

நான் நம்பவில்லை. சிறுநீர்ச் சோதனை வரட்டும் என்றார். அந்தக் கால் மணி நேரத்தை நோட்டில் எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை. அக்கா சுவரில் உள்ளங்கையை ஊன்றி நின்றாள். அன்றைக்கு திருச்சியில் அவளுக்கு இந்தச் சோதனையைச் செய்ய ஒருவர் இருந்திருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

சீட்டு வந்தது. ஒன்றுமில்லை.

டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டினார். வானிலைக் கட்டம் வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு பூப்போட்ட உறையை உரித்தெடுத்து, பட்டையின் விளிம்பைக் காட்டினார். ஓர் அம்புக்குறி, பக்கத்தில் இரண்டு கோடுகள். சுற்றினால் அம்புக்குறி அந்த இரண்டு கோட்டுக்குள் வர வேண்டும். என் கையில் சுற்றியபோது அது அரை விரற்கடை வெளியே நின்றது.

"இது சின்னக் கைக்கான பட்டைம்மா. பெரிய கையில சுத்தினா எண் கூடத்தான் காட்டும். அடக்கிக்கிட்டு, பயந்துகிட்டு, விடாம அழுத்தினா இன்னும் ஏறும். மேலேயே குறி போட்டிருக்கான். நீ அதுக்கு மேல பூ போட்டுட்ட."

ஊரார் கருவிகளில் குறி பார்த்துச் சீட்டு ஒட்டும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். மிஷின் கெட்டது என்றுதான் நானும் நினைத்தேன் என்று முணுமுணுத்து, ஏகாம்பரத்தின் எண்ணைச் சொன்னேன். டாக்டரம்மா சட்டென்று எழுந்தார். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிவரச் சொன்னார். பாதரசத்தில் பார்த்தால் 178/112.

"மிஷின் நல்ல மிஷின்தான்," என்றார் டாக்டரம்மா. "உன் டிரைவருக்கு."

என் கணவர் மதுராந்தகத்திலிருந்து பஸ் மாறி, ஓடி, சட்டை நனைந்து வந்து சேர்ந்தபோது, கட்டிலில் ஏகாம்பரம் படுத்திருந்தார். பக்கத்தில் நின்று நான் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தேன். என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்றார் நர்சம்மா.

அப்போது அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு வருடமாகக் கேட்காத சிரிப்பு. நடுவில் எங்கோ அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை விலக்கி, டாக்டரம்மாவிடம் தன் கையை நீட்டினாள். 118/74. என் நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் அக்காவின் கையெழுத்தில் இருக்கிறது.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வந்தது தப்பில்லை, எப்போது சந்தேகம் வந்தாலும் வா, ஓடும் காரில் மட்டும் பார்க்காதே என்றார். எனக்கு அகலப் பட்டை வைத்த வேறு மிஷின் வாங்கினோம். சிங்கப்பூர் மிஷினை உறையோடு ஏகாம்பரத்துக்கே கொடுத்துவிட்டோம். அவர் மாத்திரை தவறாமல் சாப்பிட்டு, இப்போது பேரன் எடுத்துவிட்டார். தன் வண்டியில் பிள்ளை பிறக்கவில்லை, பிழைத்தது தான்தான் என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்வாராம்.

நாள் நிறைந்து, மகள் பிறந்தாள். நர்சம்மா அவளைத் தலை முதல் கால் வரை பூத்துவாலையில் சுற்றி எடுத்து வந்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்:

"முதல்ல உறையைக் கழட்டுங்க. முகத்தைப் பாக்கணும்."

அதோடு அந்த வாக்கியம் எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். அவள் போன் எடுக்காமல் ஒரு மணி நேரமாகி, நான் விடாமல் அடித்து, கடைசியில் எடுத்தால் முதல் வார்த்தை இதுதான்: "அம்மா, உறையைக் கழட்டிட்டுப் பயப்படும்மா." என் கணவரும் சொல்கிறார். போன மாதம் ஏகாம்பரமே சொன்னார். அக்கா மட்டும் சொல்வதில்லை. மகள் ஊருக்கு வந்து தூங்கும்போது, போர்வையை முகத்திலிருந்து சற்றே விலக்கிப் பார்த்துவிட்டுப் போவாள்.